மூணு மணிக் கோடு

— அழிச்சிடாதீங்கண்ணே!

— நான் எங்க அழிச்சேன்? தேய்ச்ச சட்டை கீழ விழுந்துச்சு, குனிஞ்சேன்.

— கையில ஈரத்துணி எதுக்கு?

— அது... அயர்ன் பண்றவன் கையில வேற என்ன இருக்கும்? நீ தைக்கிற வேலையப் பாரு.

— தைச்சுக்கிட்டேதான் பேசுறேன். ஜன்னல் கம்பி நிழல் இன்னும் தரையில இருக்கற சாக்பீஸ் கோட்டைத் தொடல. தொட்டாத்தான் மூணு.

— இன்னைக்கும் ஓடணுமா?

— இன்னைக்குத்தான் கடைசி. புள்ளைக்கு ஒரு வயசாச்சு. நாளையிலருந்து காப்பகத்துல சோறே ஊட்டிடுவாங்களாம்.

— எட்டு மாசமா பால் கொடுக்க நீ ஓடுன ஓட்டம் இருக்கே...

— பத்து நிமிஷம்தானே விடுறாரு. மூணுக்கு முன்ன எழுந்தா சூப்பர்வைசர் கத்துவாரு, பிந்திப் போனா புள்ள கத்துவான்.

— ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை!

— சிரிங்க, சிரிங்க. போனை வாசல்லயே வாங்கிடுறாங்க. வாட்ச் கூடாது. சுவர்ல கடிகாரமும் இல்ல, கண்ணு துணியிலயே இருக்கணுமாம். இந்தக் கோடு இல்லேன்னா என் கதி...

— சூரியனுக்கு நன்றி சொல்லு.

— சூரியனுக்கா? முதல் நாள் சூப்பர்வைசர் மணி மூணுன்னு சொன்னப்போ நான் கோடு போட்டது மூணாவது கல்லுல. இப்ப கோடு அஞ்சாவது கல்லுல இருக்கு.

— ...கல்லு நகர்ந்திருக்கும்.

— தரைக் கல்லா?

— பழைய கட்டடம்மா.

— அண்ணே...

— சரி, சரி. மாசத்துக்கு மாசம் வெயில் சாயுதுல்ல? பழைய கோட்டை நம்பியிருந்தா உன் புள்ள தொண்டை கட்டியிருக்கும். அதான் திங்கக்கிழமையானா அழிச்சுட்டு, கொஞ்சம் தள்ளிப் போடுவேன்.

— மணி எப்படித் தெரியும்?

— துணிக்கட்டுக்குள்ள என் வாட்ச்... மெதுவா பேசும்மா!

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— வந்த அன்னைக்கே நீ, "யார் தயவும் வேணாம், நானே பாத்துக்குவேன்"னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னே. பயந்துட்டேன். நல்லவேளை, இத்தனை நாளா நீ கவனிக்கல.

— கவனிக்காமயா திங்கக்கிழமை தவறாம உங்க மேசையில புது சாக்பீஸ் வச்சேன்?

— அடிப்பாவி! அது நீயா?

— சொன்னா கூச்சப்பட்டு நிறுத்திடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்.

— போ போ... நிழல் தொட்டுடுச்சு, ஓடு.

— ஓடுறேன். வெயிலே வராத நாள்ல, சரியா மூணு மணிக்கு உங்களுக்கு ஒரு இருமல் வருமே... அதுவும் தெரியும்ணே. எட்டு மாசத்துல ஒரு நாள்கூட என் புள்ள பசியில அழல.