ஒரு சாண் பளபளப்பு

சைலன்சரில் ஏறிய நீலக்கறையைத் துடைக்கப் பொறுமை வேண்டும். குழாய் ஆறும்வரை தொடக் கூடாது. சூட்டோடு பாலிஷ் தடவினால் கறை இன்னும் இறுகிவிடும். பட்டறையில் பதினாறு வருடமாக எனக்கு இதுதான் வேலை. வண்டிக்காரர்கள் டீ வாங்கிக் கொடுப்பது இன்ஜினைப் பிரித்தவனுக்கு. முகம் பார்த்துத் தலை சீவுகிற மாதிரி நான் துடைத்து வைத்திருப்பேன், குனிந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

நீலமும் பழுப்பும் வெறும் சூட்டின் நிறம். ஒட்டிக் கருகியதை எடுப்பதுதான் கஷ்டம். மழைக்கோட்டு, பிளாஸ்டிக் பை, செருப்பின் அடி. எது ஒட்டியது என்று மூக்காலேயே சொல்லிவிடுவேன்.

நீங்கள் என் மனைவியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன்.

முதல் தடவை நடந்தது விபத்து. நான் வேலை முடிந்து வந்து வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். வழியை அடைக்கிறதென்று நகர்த்தப் போனவளுக்கு வலது கெண்டைக்காலில் சுட்டுவிட்டது. அதற்கு முன்பெல்லாம் சாயங்காலமானால் ஒரு படிப்பு, இல்லையென்றால் அக்கா வீடு. காயம் ஆறும்வரை பன்னிரண்டு நாள் எங்கும் போகவில்லை. நான் தட்டியதும் கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கல்யாணமான ஆறு வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

பிறகு அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. என்னிடம் அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

"திங்கக்கிழமை சேரணுங்க. காலையில கொண்டுபோய் விட்டுடுறீங்களா?"

"அதுக்கென்ன, விடுறேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டேன். பிறகு, "இந்தத் துணியைக் கொஞ்சம் பிடி," என்று கூப்பிட்டேன். வந்தாள். இரண்டாவது காயம் அப்படி வந்தது.

அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். பூனைக்கு இருக்கிற புத்தி இவளுக்கு இல்லை. நான்கு மாதம் கழித்து எனக்குத் தெரியாமல் இன்னொரு இடத்துக்கு மனுப் போட்டாள். அதனால்தான் மூன்றாவது.

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று அந்தத் துணியையே வாயில் அடைத்துக்கொண்டாள். அவ்வளவு மானமுள்ளவள். குழாய் ஆறியதும் துடைத்தேன். தோல் அப்படியொன்றும் பிடிவாதமாக ஒட்டுவதில்லை. செருப்புதான் பாடாய்ப் படுத்தும்.

மறுநாள் அவள் அக்கா வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மூன்றும் விரல் வைத்து அளந்தாற்போல ஒன்றின் கீழ் ஒன்று.

"வண்டியில ஏறும்போது பட்டுருச்சுக்கா," என்றேன்.

"இவ ஒரு பக்கமாத்தானே உக்காருவா தம்பி? ரெண்டு காலும் இடது பக்கம் தொங்கும். சைலன்சர் வலது பக்கம்ல இருக்கு?"

அவள் வாசலுக்குப் போனாள். மழைக்காலம், சக்கரத்திலிருந்து சீட்டுவரை சேறு. சைலன்சரில் ஒரு சாண் மட்டும் மின்னியது.

"இதை மட்டும் எதுக்குடா துடைச்ச?" என்று கேட்டாள். அதுவரை என்னை 'வாங்க, போங்க' என்று பேசியவள்.

என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டே, "போலாம்க்கா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். கணுக்காலைப் பிடித்து, பத்து எண்ணும்வரை. வாக்குமூலத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலாவதில் நான் தொடவே இல்லை. அதையும் சேர்த்துவிடாதீர்கள், எனக்குப் பொய் பிடிக்காது.

இன்னும் ஒன்று. அவள் அக்காவுக்குக் கை முரடு. கட்டு மாற்றும்போது பஞ்சை நனைத்து, ஊறவிட்டு, மெல்ல எடுக்க வேண்டும். இத்தனை நாளும் நான்தான் மாற்றிவிட்டேன். யாராவது போய்ச் சொல்லுங்கள். அவள் வலி தாங்கமாட்டாள்.