ஒரே தலைக்கு இரண்டு இனம்

மேடையில் முகத்தை இறுக்கி வைத்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே, அவர் தலையசைத்தால் தாமும் அசைக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும், நாம் 'அளவு அக்கா' என்று அழைத்த மறைந்த ஆய்வாளரின் மகளே, மாணவ நண்பர்களே!

"மானிடவியலின் சுடர்" என்று எனக்கு முன் பேசிய ஐவரும் அக்காவைப் புகழ்ந்தீர்கள். ஐயா, அவர் உயிரோடு இருந்தபோது இந்தச் சொல்லை எந்த அலமாரியில் பூட்டி வைத்திருந்தீர்கள்?

மண்டையை அளந்து ஆளை வகைப்படுத்தும் நம் அளவறையில் இனம் கண்டுபிடித்த லட்சணத்தைச் சொல்கிறேன். தலைவர் இரும்புக் கவ்வியை மண்டையில் பொருத்துவார். அக்கா எண்ணை உரக்கப் படிப்பார். நான் அட்டையில் எழுதுவேன். அட்டையின் முதல் கட்டம் என்ன தெரியுமா? தொழில்! அதைப் பார்த்த பிறகுதான் கவ்வியே இறங்கும். இதற்குப் பெயர் அறிவியலாம்!

ஒருநாள் அக்கா ஒரு துப்புரவுப் பணியாளரை உட்கார வைத்தார். தலைவர் கவ்வியை அழுத்தினார், குறுகிய மண்டை, கடைசி வகை. இரண்டு வாரம் கழித்து ஒரு நீதிபதி வந்தார். கவ்வி பூப்போல் இறங்கியது, அகன்ற மண்டை, முதல் வகை. பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம்!

அக்கா இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தார்.

"சார், ரெண்டும் ஒரே ஆளுதான். நம்ம ரூமைப் பெருக்குற அண்ணன். எங்க வீட்டுக்காரர் கோட்டை மாட்டிவிட்டேன்."

"கோட்டு போட்டதும் மண்டை வளந்துடுச்சு போல!" என்று வாசலில் நின்ற அண்ணன் சிரித்தார்.

பன்னிரண்டு ஆண்டுகள் தன் அறையைப் பெருக்கியவரின் தலையை அளந்த மேதைக்கு, அந்த முகம் தெரியவில்லை! தலைவர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீ எண்ணைத் தப்பாப் படிச்சிருக்கேம்மா."

அக்கா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. பக்கத்துலதானே இருந்தீங்க?" நான் குனிந்து பேனா மூடியைத் தேடினேன். 'கவனக்குறைவு' என்று கோப்பில் எழுதி, அக்காவைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். பதினோராண்டுகள் அங்கே தூசி தட்டினார். உங்கள்மேல் உள்ள வெறுப்பைவிட என்மேல் எனக்கு அதிகம்.

இப்போது அதே இன அட்டவணையை மறுபதிப்புச் செய்து அக்காவுக்குக் காணிக்கை ஆக்குகிறார்களாம்! அதில் அந்த அண்ணன் இன்னமும் இரண்டு ஆளாகவே இருக்கிறார்! அக்காவின் பணியைத் தொடர்வோம் என்கிறீர்களே, எந்தப் பணியை? தூசி தட்டுவதையா?

அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து விழாது. இரண்டு அட்டைகளின் நகல்களை வாசலில் வைத்திருக்கிறேன், ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். நாளை முதல் வகுப்பில் நான் நடத்தப்போகும் பாடமும் அதுதான். வேலையை விட்டு அனுப்பினால் தெருவில் நின்று நடத்துவேன்.

மகளே, உன் அம்மா சரியாகத்தான் படித்தார். நான் பார்த்தேன்.