பலகைக்குச் சொந்தமான கோப்பு

எங்கள் அறையில் ஜன்னல் ஒன்றுதான். அது அக்கா பக்கம். எனக்கு அதில் வருத்தமில்லை; வெயில் எனக்கு ஆகாது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. பேருந்துப் பணிமனையின் கணினி அறையில் இரண்டே பேர், அவரும் நானும். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். டிரைவர்கள் அவரை ஹெட்மிஸ் என்பார்கள். ஒரு நிறுத்தத்தின் பெயரில் ஒற்று விட்டுப்போனால்கூட அவருக்குச் சோறு இறங்காது. பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுகிற பலகைக்கு அவர்தான் மென்பொருள் எழுதினார். அதன் பெயரும் பலகைதான். அதற்குள் நிறுத்தப் பட்டியல் என்று ஒரு கோப்பு. பதினோரு வருடமாக அவர் திருத்தித் திருத்திச் சேர்த்தது.

நான் கொண்டுவந்தது பேச்சி. அடுத்த நிறுத்தம் எது என்று வண்டிக்குள் அறிவிக்கும் மென்பொருள். வெளியார் யாரோ எழுதி இணையத்தில் வைத்திருந்தார்கள். பேசுவதால் நான் அப்படிப் பெயர் வைத்தேன். இந்த வாரமே பேசும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன சொல் தவறுவது என் இயல்பில்லை.

நிறுவும்போது பாதியில் நின்றது. எங்கள் கணினி லினக்ஸ். ஒரு கோப்புக்கு ஒரு சொந்தக்காரர்தான் என்பது அங்கே சட்டம். அதே பெயரில், அதே இடத்தில், பேச்சியும் ஒரு நிறுத்தப் பட்டியலை வைக்கப் பார்த்தது. இந்தக் கோப்பு பலகைக்குச் சொந்தம், மேலெழுத மாட்டேன் என்றது கணினி.

அக்கா நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்க பேச்சி வாயடைச்சுப் போச்சா?"

"உங்க பலகைதான்க்கா வழிய மறிச்சுட்டு நிக்குது."

"மறிக்கத்தான் செய்யும். யாரோட பொருள்னு கேக்குது. பதில் சொல்லுங்க, மிதிச்சுட்டுப் போகாதீங்க. பேச்சியைப் பிரிச்சு, அந்தக் கோப்புக்கு வேற பேர் வச்சுக் கட்டுங்க. அரைமணி நேர வேலை."

"சரிக்கா" என்றேன். அவர் சாப்பிடப் போனார்.

அரைமணி நேரம் பெரிதல்ல. ஆனால் அதை அவர் சொல்லிவிட்டார். நான் கட்டளையில் 'வலுக்கட்டாயம்' என்று ஒரு சொல் சேர்த்தேன். கணினி ஒருமுறை எச்சரித்தது. பிறகு சொன்னபடி செய்தது.

பேச்சியின் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர். அதை எழுதியவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது. எங்கள் கணினியில் இருப்பதைத்தான் வண்டிகள் எடுத்துக்கொள்ளும்; மறுநாள் காலை நாற்பத்திரண்டு பேருந்துகளும் நெற்றியில் 'மாதிரி நிறுத்தம்' என்று போட்டுக்கொண்டு கிளம்பின.

ஒரு டிரைவர் வந்து வாசலில் நின்றார்.

"ஹெட்மிஸ், எல்லா வண்டியும் ஒரே ஊருக்குத்தான்னா ஒரு வண்டி போதாதா? நாங்க வீட்டுக்குப் போயிடுறோமே."

"ஏறினவங்க என்ன சொல்றாங்க?"

"ஒரு அம்மா மாதிரி நிறுத்தத்துக்கே டிக்கெட் கேட்டாங்க. நல்ல ஊராம். அவங்க நாத்தனார் அங்கதான் இருக்காங்களாம்."

நானும் சிரித்தேன். அக்கா தன்னிடமிருந்த பிரதியிலிருந்து பட்டியலை மறுபடி எடுத்து வைத்தார். ஊர்கள் திரும்பி வந்தன. அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாமல் பேச்சி ஊமையானது. மாலையில் நான் மறுபடி வலுக்கட்டாயம். காலையில் அவர் மறுபடி பிரதி. இப்படி நான்கு நாள்.

"பட்டியல் தினமும் கெட்டுப்போகுது. கணினியோட டிஸ்க்குதான் போகுது போல, தம்பி."

"இருக்கும்க்கா."

அதில் பொய் இல்லை. எந்த டிஸ்க்கும் என்றாவது போகத்தான் செய்யும்.

இந்த இழுபறியை யாராவது முடிக்க வேண்டும். ஐந்தாம் நாள் நான் ஒரு தொகுப்பு, அதாவது கணினியில் நிறுவுவதற்கான மென்பொருள் பொட்டலம், செய்தேன். பெயர் பலகை. உள்ளே ஒன்றுமில்லை. பதிப்பு எண் தொண்ணூற்றொன்பது, அக்காவுடையது ஏழு. அதையும், கூடவே பேச்சியையும் நிறுவியதும் பழைய பலகை போய், பெயர் மட்டும் நின்றது. பலகை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, புத்தம்புதியது என்று கணினி சொல்லும். ஆக்கியவர் யார் என்று ஒரு வரி உண்டு. அங்கே அக்கா பெயரைப் போட்டேன். அவருடைய பொருளுக்கு என் பெயரைப் போடுவது முறையல்ல.

பலகைகள் இருண்டன. வண்டிக்குள் பேச்சி மட்டும், அடுத்து மாதிரி நிறுத்தம், அடுத்து மாதிரி நிறுத்தம் என்று தெளிவான உச்சரிப்பில் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா தன் ஏழாம் பதிப்பை நிறுவப் பார்த்தார். இதைவிடப் புதியது இருக்கிறது என்று கணினி மறுத்தது. அவரும் வலுக்கட்டாயம் செய்திருக்கலாம். ஒரு நொடி வேலை. செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். கணினி வேண்டாம் என்றால், காரணம் தெரியும்வரை அவர் கை வைக்க மாட்டார்.

"நான் எப்ப தம்பி தொண்ணூத்தொம்பது போட்டேன்?"

"வேலைப் பளுவுல மறந்திருப்பீங்கக்கா. பேரு உங்க பேருதானே இருக்கு?"

மூன்று நாள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், "போட்டிருப்பேன் போல" என்றார். எனக்கே பாவமாக இருந்தது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மேலாளர் வந்து பார்த்தார். காலித் தொகுப்பு, அக்கா பெயர். அன்றே அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். அவரை வேலையைவிட்டு நீக்குவதா என்று முடிவு செய்யத்தான் இன்று உங்கள் விசாரணை. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். எல்லாம் நான் செய்தது. முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அடுத்தவர் பொருளில் கை வைத்தேன் என்று மட்டும் குறிப்பில் எழுத வேண்டாம். நிறுத்தப் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். பேச்சிக்கு என்றுதான் வரும். கணினி பொய் சொல்லாது.