பதினோராவது வாக்கியம்

இல்லை. அவர் அமைதியானவர் இல்லை.

எனக்கு முன் பேசிய இயக்குநர் அவர்கள், "அதிர்ந்து பேசாதவர், யாரையும் கடிந்துகொள்ளாதவர்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் மாலை போட்ட படத்தைத் திரும்பிப் பார்த்தேன். நம் இலக்கண ஆசிரியைதான்.

மேடையில் இருப்பவர்களுக்கும், முன்வரிசையில் இருக்கும் அவருடைய கணவருக்கும் மகளுக்கும், மருத்துவமனையில் பணி முடிந்து சீருடையோடு வந்திருக்கும் நர்ஸ் மாணவிகளுக்கும் வணக்கம். இந்த நிலையத்தில் வெளிநாட்டவருக்குத் தமிழ்ப் பேச்சு வகுப்பு எடுப்பவள் நான். அடுத்த அறையில் அவர் இலக்கணம் எடுத்தார். நடுவில் பலகைத் தடுப்பு மட்டும். அவருடைய கோபத்தை முழுதாகக் கேட்டவள் நான்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் உருபக்கா. வேற்றுமை உருபை யாராவது விட்டால் அவர் விடமாட்டார். "உருப்படாதவனையும் உருபு போட்டே உருப்பட வெச்சிடுவாங்க" என்பார் நம் காவலாளி.

இயந்திரப் பொறியாளர் ஒருவர் படிக்க வந்தார். முதல் வாரம் எழுந்து நின்று, "நான் பசிக்கிறேன்" என்றார். வகுப்பே சிரித்தது. உருபக்கா சிரிக்கவில்லை.

"நீங்க பசிக்கல. உங்களுக்குப் பசிக்குது. பசி உங்ககிட்ட வந்திருக்கு, அவ்வளவுதான். சாப்பிட்டா போயிடும்."

அவர் யோசித்தார். "அப்ப, எனக்குக் கோபம் வருது. கோபமும் போயிடுமா?"

"உங்களுக்கு வந்தா போயிடும். எனக்கு வந்தா அது சீக்கிரம் போகாது."

இதுவா பயமுறுத்தும் இலக்கணம்? சூத்திரம் ஒப்பிக்கச் சொன்னாரா? ஒரு 'க்கு'வை வைத்து ஒரு மனிதரையும் அவருடைய பசியையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். அவ்வளவுதான் செய்தார்.

அந்த வகுப்பைத்தான், முதலில் நர்ஸ்களுக்கு மட்டும், நிறுத்தினார்கள்.

இயக்குநர் அறையில் நடந்த அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "இலக்கணம்னாலே ஜனங்க ஓடிப்போயிடுறாங்கம்மா. வார்டுல பேச பத்து வாக்கியம் மனப்பாடம் பண்ணா போதும்" என்றார் இயக்குநர்.

"பதினோராவது வாக்கியம் வந்தா என்ன சார் பண்ணுவாங்க?"

பதிலுக்குத் தேநீர் வந்தது.

பதினோராவது வாக்கியமும் வந்தது. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். என் வகுப்பில் அந்தப் பத்து வாக்கியம் மட்டும் படித்தவர். "வலிச்சா மாத்திரை குடுங்க" அதில் ஒன்று. ஒருநாள் ஒரு நோயாளிக்கு இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. வலி எவ்வளவு இருந்தாலும் அன்று அந்த மாத்திரை கூடாது என்றார் மருத்துவர். அதை நோயாளியின் மனைவியிடம் சொல்ல வேண்டும். நர்ஸ் தன்னிடம் இருந்த வாக்கியத்தையே திருப்பிப் போட்டார்.

"வலிச்சா குடுக்காதீங்க."

வலிச்சாலும் என்று வந்திருக்க வேண்டும். ஓர் 'உம்' இல்லை.

அந்த அம்மா என்ன செய்வார்? தன் மகனிடம் சொல்லியிருக்கிறார்: "வலிச்சா குடுக்கக் கூடாதாம்டா. வலிக்காதப்ப குடுக்கணும் போலிருக்கு. புது வைத்தியம்." கணவர் முனகியபோதெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு சும்மா இருந்தார். அவர் முனகலை நிறுத்தியதும் மாத்திரையைக் கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடி கேட்டார் அந்த அம்மா! நோயாளி நினைவிழந்தார். பிழைத்துக்கொண்டார், நல்லவேளை.

பழி யார்மேல் விழுந்தது? நர்ஸ்மேல். "நம்ம மாணவி பாதி வார்த்தையை முழுங்கிட்டாங்களாம்" என்றார் இயக்குநர், அடுத்த அறைக்கு வந்து.

"முழுங்கல சார்" என்றார் உருபக்கா. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. "அவங்களுக்கு அதைப் பரிமாறவே இல்ல!"

இவரையா அதிர்ந்து பேசாதவர் என்கிறீர்கள்? இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியமா?

பேச்சுக்கு இலக்கணம் பகை என்கிறார்கள். பேச்சு வகுப்பு எடுப்பவள் சொல்கிறேன். நான் தருவது வாக்கியங்கள். கேட்டதைத் திரும்பச் சொல்ல அவை போதும். யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தானே சொல்ல வேண்டிவரும் நாளில், மாணவரின் கையில் என்ன இருக்கும்? உருபக்கா கொடுத்தது இருக்கும். இல்லையென்றால் ஒன்றும் இருக்காது.

காலையில் அவருடைய கணவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "வீட்லயும் இதேதாம்மா" என்றார். "என் சட்டை எங்க வெச்சிருக்குன்னு கேட்டா, சட்டை தானா போய் உக்காந்துக்காது, யார் வெச்சாங்கன்னு கேளுங்கம்பா. கடைசில பாத்தா வெச்சது நானாத்தான் இருக்கும்." சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று நம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இலக்கண வகுப்பு நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது.' அவர் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதைப் படித்தபோது அவர் குரலில்தான் கேட்டது: செயலைச் செய்யும் வினைமுதல் எங்கே? நிறுத்தப்படுகிறது என்றால், யாரால்? வகுப்பு தானாகவா போய் நின்றது?

வினைமுதல் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. நடு நாற்காலியில்.

என்னை முறைக்க வேண்டாம், சார். இன்னும் முடிக்கவில்லை.

அந்த நர்ஸுக்குத் திங்கட்கிழமை மருத்துவமனையில் தமிழ் மறுதேர்வு. தோற்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருடைய சம்பளத்தை நம்பி மூன்று தம்பிகள் இருக்கிறார்கள். உருபக்கா மருத்துவமனைக்கே போய், "தப்பு எங்களோடது, இன்னொரு வாய்ப்பு குடுங்க" என்று சண்டை போட்டு வாங்கிய தேர்வு அது. வாங்கிக் கொடுத்தவர் இல்லை. தேர்வு இருக்கிறது.

ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள் என்பீர்கள். நிற்போம். அந்த ஒரு நிமிடத்தோடு அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று கலைவதா? அவரைப் புகழ்ந்து தீர்மானம் போட்டுவிட்டு, அவர் அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்குவதா?

வகுப்பை நான் எடுக்கிறேன். அவர் அளவுக்கு எனக்கு வராது. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டு, படித்துக்கொண்டு வந்து எடுப்பேன். நிறுத்த வேண்டுமென்றால் என்னை நிறுத்துங்கள். தாளில் உங்கள் பெயரைப் போட்டு நிறுத்துங்கள்.

இவ்வளவுதான்.

(பேசி முடித்தவர் மேடை நாற்காலிக்குத் திரும்பவில்லை. அலுவலகத்தில் இலக்கண அறையின் சாவியைக் கேட்டு வாங்கினார். நர்ஸும் அவரும் அங்கே அதற்குள் அடுக்கியிருந்த உடைந்த நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டார்கள்.)