நீல அட்டையில் சாக்ஸபோன்

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் மாப்ள. இந்தா பேனா. மொதல்ல கையெழுத்தைப் போடு.

— பேனாவைக் கீழ வை மச்சான். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. ராக் பாட்டுக்கு சாக்ஸபோன் எதுக்குன்னு ஊரெல்லாம் கேட்டுட்டுத் திரிஞ்சியே, இன்னிக்கும் அதையேதான் சொல்றியா?

— இன்னிக்கும் அதான். கித்தார், பாஸ், டிரம்ஸ். மூணு போதும். அதுக்கு மேல சாக்ஸபோன் வெக்கிறது லாரிக்கு ஜிமிக்கி மாட்டுன மாதிரி. போதுமா? மணி மூணரை ஆச்சு. அஞ்சு மணிக்குள்ள இந்த ஃபாரம் ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா உன் ஆபரேஷன் தேதியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.

— அண்ணே, இப்படிக் கெஞ்சினா அவர் மசியவே மாட்டாரு. நாலு நாளா நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். அடுப்படியிலருந்து கூப்பிட்டா ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, அந்த ரெக்கார்டு அலமாரியையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. கட்டின பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கிற நெனப்பே இல்ல.

— அங்க திரும்பிக்கிட்டு உங்கண்ணன்கிட்ட என்ன குசுகுசு? எதுவா இருந்தாலும் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— சொல்றேங்க. மூஞ்சியைப் பாத்தே சொல்றேன். காதுக்குப் பின்னால கட்டி, மூளையை அழுத்துது. விட்டு வெச்சா ஆறு மாசம்கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எடுத்தா உயிர் நிக்கும், காது போயிடும். ரெண்டும் வேணும்னா அது அவர் கையில இல்லையாம். இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் காது வேணுமா, நாங்க வேணுமா?

— இருக்கிறதே ஒத்தைக் காதுடி. வலது காது எட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்தப்பவே போயிடுச்சு. இந்த ஒண்ணையும் அறுத்துக் குடுத்துட்டு, பொம்மை மாதிரி உக்காந்திருக்கணுமா?

— பொம்மையா இருந்தாலும் இருங்க. நாங்க பாத்துக்கிறோம்... அண்ணே, இங்க டவர் கிடைக்கல. நான் மாடிக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அரை மணி நேரம் பொறுக்கச் சொல்றேன். துணியும் எடுக்கணும். நான் இறங்கி வர்றதுக்குள்ள எப்படியாவது வாங்கிடு. நான் சொன்னாத்தான் ஏறாது. நீ சொன்னா கேப்பாரு.

— போம்மா. நான் பாத்துக்கிறேன்.

— போயிட்டாளா?

— போயிட்டா. எங்க தங்கச்சி இப்படி இளைச்சு நான் பாத்ததே இல்ல மாப்ள. பொண்ணு வேற நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்துடும். பத்து வயசு. அதுகிட்ட என்னன்னு சொல்றது? உங்கப்பனுக்குப் பாட்டு கேக்கணும், அதனால செத்துப்போறான்னு சொல்லட்டுமா?

— என்ன சொன்ன? அந்த மீசையைக் கொஞ்சம் ஒட்ட வெட்டித் தொலையேன் மச்சான். உதட்டை மூடிக்கிட்டு, பேசுறது பாதி மீசைக்குள்ளயே போகுது.

— என் மீசையைப் பத்திப் பேசுற நேரமாடா இது? உன் பொண்ணைப் பத்திக் கேட்டேன்.

— அவளை நெனைக்காம இல்ல. ஆனா நீ யோசிச்சுப் பாரு. நான் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள்ள இறங்கி நின்னு, மேல எந்த மாடியில எந்த ரோலர் தேஞ்சிருக்குன்னு காதாலயே சொல்றவன். வேற எனக்கு என்ன தெரியும்?

— எந்தக் குழியில இறங்கப் போறே நீ? போன மாசம் அந்தக் குழி ஓரத்துல தள்ளாடி, கூட இருந்தவன் பெல்ட்டைப் பிடிக்கலேன்னா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். அதை வீட்ல சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினியே, மறந்துடுச்சா?

— நீ பல்லு செட்டு செய்றவன். வாய்க்குள்ள அச்செடுக்கிறதோட நிறுத்திக்கோ. மூளையைப் பத்தி எல்லாம் உனக்கென்ன தெரியும்?

— எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. பல்லு மட்டும்தான் தெரியும். அதான் கெஞ்சுறேன். சரி, இப்படிப் பண்ணலாம். அட்டையில மழைக்கோட்டு போட்ட ஆளு நிக்கிற என் ரெக்கார்டு இருக்கில்ல? முதல் பதிப்பு, ஒரு கீறல் கிடையாது. பதினஞ்சு வருஷமா கேட்டுட்டிருக்கியே, உனக்கே குடுத்துடறேன். கையெழுத்துப் போடு.

— செவிடனுக்கு ரெக்கார்டு! நல்லா இருக்குடா உன் நியாயம்.

— ஐயோ, அந்த அர்த்தத்துல சொல்லலடா. என்ன பேசுறேன்னே எனக்குத் தெரியல. மூணு நாளா தூக்கமே கிடையாது.

— எனக்கு மட்டும் இருக்கா? பயமா இருக்கு மச்சான். உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? சாவுக்குப் பயமில்ல, சும்மா சொல்லல. கண்ணு முழிச்சு எந்திரிக்கும்போது ஒண்ணுமே இருக்காதுல்ல? வாயை வாயை அசைப்பீங்க எல்லாரும். தண்ணிக்குள்ள போட்டு மூடின மாதிரி. அப்படியே முப்பது வருஷம். அதுக்குத்தான் பயமா இருக்கு.

— எனக்கும் பயமா இருக்குடா. நீ போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? என் கூட வேலை பாக்கிறவனுக்கு எல்லாம் பாட்டுன்னா, செல்லுல பின்னால ஓடுறதுதான். ஒரு பாட்டுக்காக சட்டையைப் பிடிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான் எனக்கு.

— சட்டையை நீதான் பிடிச்ச.

— நீதான் பிடிச்ச. பழைய ரெக்கார்டு கடையில ஒரு பக்கம் நான் இழுக்கிறேன், இன்னொரு பக்கம் நீ இழுக்கிற. அந்த ரெக்கார்டோட நீல அட்டை மூலையில டர்ருனு கிழிஞ்சுது. கடைக்காரர் கும்பிட்டு, ஆளுக்கு ஒரு மாசம் வெச்சுக்கங்கப்பா, கடையை விட்டுப் போங்கப்பான்னாரு.

— ஒண்ணாம் தேதி உன் வீட்டுக்கு ரெக்கார்டை வாங்க வந்தேன். கதவைத் திறந்தது உன் தங்கச்சி.

— ரெக்கார்டுக்கு வந்தவன் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிட்டான்னு எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. ரெக்கார்டையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போன. சாக்ஸபோனே பிடிக்காத நான் அதுக்கு எதுக்குடா அடிச்சுக்கிட்டேன்?

— அதைத்தான் நானும் இருபது வருஷமா கேக்குறேன்!

— ரெண்டாவது பாட்டுல வர்ற கித்தாருக்காக.

— பொய். அந்தக் கித்தாரு சும்மா வேலிக்குக் கட்டின கம்பி. நீயும் அந்த சாக்ஸபோனுக்காகத்தான் வந்த. ஒத்துக்க உனக்கு வெக்கம். கேளு மச்சான், கித்தாருக்கு மூச்சு வாங்காது. டிரம்ஸுக்கு வாங்காது. விடிய விடிய வாசிக்கலாம். சாக்ஸபோன்காரன் நடுவுல நிறுத்தித்தான் ஆகணும். அவன் மனுஷன், நெஞ்சுல காத்து வேணும். அத்தனை இரைச்சலுக்கு நடுவுல அவன் வாயை எடுத்து மூச்சை இழுப்பான் பாரு, அந்த சத்தம் அந்த ரெக்கார்டுல இருக்கு. துடைக்காம விட்டிருக்கானுங்க. செத்துட்டு இருக்கிறவன் தண்ணிக்கு மேல தலையைத் தூக்கின மாதிரி ஒரு மூச்சு. அதுக்காகத்தான் எனக்குக் காது வேணும்.

— ஒரு மூச்சுக்காக உன் மூச்சை விடப் போறியா? கேக்கிறவன் காறித் துப்புவான் மாப்ள.

— துப்பட்டும்.

— காலைப் பிடிக்கணுமா? பிடிக்கிறேன். மச்சான் மாப்ள எல்லாம் ஓரமா இருக்கட்டும். இதோ பிடிச்சுட்டேன். கையெழுத்துப் போடுடா.

— டேய், எந்திரி. எந்திரிடா, அசிங்கமா இருக்கு. காலை விடு... சரி. ஒண்ணு பண்ணலாம். நீல அட்டையைப் போடறேன். ரெண்டு பேரும் சேந்து கேப்போம். அந்தப் பாட்டு முடிஞ்சதும் நீ என் முகத்தைப் பாத்து, இந்தக் காதை அறுத்துடலாம்டான்னு ஒரு வார்த்தை சொல்லு. மனசு வந்து நீ சொல்லிட்டா, பேசாம கையெழுத்துப் போட்டுடறேன்.

— சத்தியமா?

— என் பொண்ணு மேல சத்தியம்.

— அப்ப போடு. இப்பவே போடு. நான் சொல்லுவேன். நூறு தடவை சொல்லுவேன்.

— கேட்டுட்டு சொல்லு. ஆறு வருஷமாச்சு அதை அட்டையை விட்டு எடுத்து.

— ஆறு வருஷமாவா? வாரா வாரம் கேக்கிறேன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்.

— ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் தின்னுடும்ல? இதுக்கு மேல தேயக்கூடாதுன்னு நிறுத்திட்டேன். வயசான காலத்துல சாவகாசமா கேப்போம்னு எடுத்து வெச்சேன். தொட்டுத் தொட்டுப் பாத்துக்குவேன், அவ்வளவுதான். மனசுக்குள்ள தினம் ஓடும்.

— பசியோட இருந்துக்கிட்டு சோத்தைப் பூட்டி வெச்ச கஞ்சன்டா நீ.

— திட்டு. நல்லா திட்டு. அந்தத் திரையை இழுத்து விடு, வெளிச்சம் வரக்கூடாது. என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி இப்படி வெச்சுடறேன். நம்ம சட்டம் ஞாபகம் இருக்கில்ல? பாட்டு ஓடும்போது நீ வாயைத் திறக்கக்கூடாது.

— நீ மட்டும் திறப்பே.

— சாக்ஸபோனைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு, ஜிமிக்கிங்கிற ஆளுக்குக் கிடையாது. தள்ளு. ரெக்கார்டை நீ தொடாத, நானே வெக்கிறேன்.

— இருட்டுல தடவுறியே. நான் வெக்கட்டுமா?

— கண்ணு தெரியலேன்னாலும் ஓரம் எங்கன்னு என் விரலுக்குத் தெரியும். இதோ. உக்காந்துடுச்சு.

— சத்தத்தை ஏன்டா அந்தக் கடைசி வரைக்கும் திருப்புற? ஸ்பீக்கர் கிழியப் போகுது.

— வா, இப்படிப் பக்கத்துல உக்காரு. பெட்டி மேல கையை வை. என் கைக்குப் பக்கத்துல. அப்படித்தான். மரம் உதறுது பாரு. நான் கண்ணை மூடிக்கிறேன், நீயும் மூடிக்கோ... மொதல்ல டிரம்ஸ். நாலே தட்டு, அதுக்கு மேல ஒண்ணு கிடையாது.

— மாப்ள, ஒரு நிமிஷம்...

— இப்ப பாஸ் உள்ள வருது. மெதுவா, செருப்பைக் கழட்டிட்டு வர்ற மாதிரி வரும். கித்தாரை விட்டுத் தள்ளு.

— மாப்ள. என்னடா இது? கண்ணைத் திறடா.

— பாடுறவன் குரல் எப்படிக் கட்டியிருக்கு பாரு. அன்னிக்கு அவனுக்கு ஜுரமாம், அதோடதான் பாடியிருக்கான். இந்த வரி முடிஞ்சதும் ஒதுங்கிக்குவான். வழி விடுவான். இன்னும் ரெண்டு வரி.

— நான் பேசுறது உனக்கு... மாப்ள, என்னைப் பாருடா. ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பு.

— வந்துட்டான்! ஆகா, வந்துட்டான் மச்சான். கேளு. கீழேருந்து மேல ஏறுறான் பாரு, படியே இல்லாம ஏறுறான். ஆறு வருஷம் தொடாம இருந்தேனே, பாவி நான். எங்கயும் தேயல. ஒரு கொரகொரப்பு கிடையாது. புதுசு மாதிரி இருக்கு. இப்ப நிறுத்துவான். இப்ப... இதோ. மூச்சை இழுத்தான், கேட்டியா?

— ...கேட்டேன்டா.

— அந்த ஒரு மூச்சுதான். அதுக்கப்புறம் அவன் வாசிக்கிறது வாசிப்பே இல்ல. என்னை விட்டுடாதீங்கடான்னு கத்துறான்.

— எத்தனை நாளாடா இப்படி? எத்தனை நாளா எங்ககிட்ட எதுவுமே சொல்லாம...

— உன் கை இப்படி நடுங்குதே. அழறியா? எனக்குத் தெரியும்டா, நீ அழுவேன்னு. உனக்கும் பிடிக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.

— ஐயோ, மாப்ள...

— இப்ப சொல்லு மச்சான். இதைப் போய் அறுத்துடலாம்னு சொல்ல உனக்கு மனசு வருமா? வராது. உன்னால சொல்லவே முடியாது.

— அண்ணே, டாக்டர் ஆறு மணி வரைக்கும் இருப்பாராம்... என்ன கூத்து இது? மாடி வரைக்கும் கேக்குது. நம்ம பாப்பா ஒண்ணாங்கிளாஸ்ல வெச்சுக் கேட்டுட்டிருந்த வாய்ப்பாடு ரெக்கார்டை இந்த அலறு அலற விட்டுட்டு, ரெண்டு பேரும் எதுக்கு அழுதுட்டு உக்காந்திருக்கீங்க?