குலிப்பின் வீட்டில் அந்த எருமை வெட்டப்படாது

மேடையில் வீற்றிருக்கும் ஃபாதர் அவர்களே, ஊர்த்தலைவர் கொந்தோர் அவர்களே, துணைவர் குலிப்பை இழந்தும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெத்ரோனிலா அக்கா அவர்களே, தகுலாங் ஆற்றில் இடுப்பளவு நீரில் இறங்கி வந்திருக்கும் என் டூசுன் மக்களே! முன்வரிசையில் கருப்புக் கண்ணாடியோடு அமர்ந்திருக்கும் பொதுப்பணி அமைச்சர் டத்தோ தியோபில் மங்காலிங் அவர்களே! உங்களுக்கும் வணக்கம். உங்கள் காலணியில் மட்டும் ஈரம் இல்லை. ஹெலிகாப்டருக்கு நன்றி சொல்லுங்கள்.

"பவுலினா, சுருக்கமா பேசும்மா, சமாதானமா பேசு" என்று ஃபாதர் என்னிடம் கேட்டுக்கொண்டார். சுருக்கமாகப் பேசுகிறேன், ஃபாதர். இன்னொன்றுக்கு என்னால் வாக்குத் தர முடியாது. கட்சியின் மகளிர் தலைவியாகவும், குலிப்பின் தேர்தல் முகவராகவும் இருந்தவள் நான். அவரைப் பற்றிப் பொய் சொன்னால் அவரே பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்துவிடுவார்.

டத்தோ சரபின் குலிப்! நம்மை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோன மனிதர்! ஆறு தேர்தல்களில் நின்று ஒன்றிலும் தோற்காதவர்! வென்ற மறுநாள் எங்கே போவார், தெரியுமா? மாலை போட்டவர்கள் வீட்டுக்கா? இல்லை! தனக்கு எதிராக வேலை செய்தவன் வீட்டுக்குத்தான் முதலில் போவார். தப்பாய் என்னும் அரிசிக்கள் ஜாடிக்கு முன் சப்பணமிட்டு உட்கார்ந்து, உறிஞ்சும் மூங்கில் குழலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏன்டா, உனக்கு என்னடா குறை வச்சேன்? சொல்லு, இன்னைக்குப் பூரா எனக்கு வேலை இல்லை" என்பார். ஜாடி காலியாகும்போது அவன் நம் ஆளாகியிருப்பான்.

அவர் மன்னிக்கத் தெரியாதவர் என்று நகரத்துப் பத்திரிகைகள் எழுதின. ஆம், ஒருவரை அவர் மன்னிக்கவில்லை! அதில் எனக்குப் பெருமைதான்!

நம் கூட்டணி ஆட்சி அமைத்தது. தகுலாங்கின் குறுக்கே நாம் கேட்ட பாலம் எழும்பத் தொடங்கியது. ஆற்றில் தூண்கள் நின்றன. அந்த வேளையில்தான் தியோபில், குலிப்பை 'அண்ணே' என்று அழைத்த தியோபில், அவரே தோளில் கை போட்டு ஊர் ஊராக அழைத்துப்போய் வெற்றிபெற வைத்த தியோபில், நான்கைந்து பேரோடு எதிர்வரிசைக்குத் தாவினார். ஆட்சி கவிழ்ந்தது. தாவியவருக்கு அமைச்சர் பதவி கிடைத்தது. பதவியேற்றதும் அவர் நிறுத்திய முதல் வேலை எது? நம் பாலம்! "யாருக்கு ஓட்டுப் போட்டாங்களோ அவருகிட்டயே பாலம் கேக்கட்டும்" என்றாரே, மறந்துவிட்டோமா?

குலிப் மறக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுந்தார். ஒரே கேள்வி: "எங்கள் பாலம் எங்கே?" ஒருமுறை அமைச்சர் எழுந்து, ஆய்வில் இருக்கிறது என்று பதில் சொன்னார். குலிப் விடுவாரா? "அப்போ ஆத்துல இறங்கியே ஆய்வு பண்ணுங்க, அமைச்சரே. கட்சி தாவுன தவளைக்கு நீச்சல் சொல்லித் தரணுமா?" அவை முழுவதும் சிரித்தது. சபாநாயகர் ஒலிபெருக்கியை அணைத்தார். அணைத்தால் என்ன? மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. கடைசி இருக்கை வரை கேட்டது.

போன ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு பெருகி ஓடியது. பலகையில் கிடத்தித் தூக்கிப்போனோம். படகு இரண்டு முறை கடக்க முடியாமல் திரும்பி வந்தது. அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. நடுவே அந்தத் தூண்கள். அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். தூணையே பார்த்தார். "நல்லதாப் போச்சு பவுலினா. இதைப் பாத்துக்கிட்டே போறேன்ல, மேலே போயும் மறக்காது" என்றார். கரை மணலிலேயே போய்விட்டார். ஐயோ, என் தலைவரே!

இது நோயா? விதியா? இல்லை! நிறுத்தப்பட்ட பாலம் அவரைக் கொன்றது!

இப்போது வாசலுக்கு வருகிறேன். பலா மரத்தடியில் ஓர் எருமை கட்டியிருக்கிறது. டத்தோ தியோபில் கொடுத்தது. இன்று காலை அவருடைய ஆள் கயிற்றை நீட்டி, "துக்க வீட்டுக்கு ஐயா குடுத்தாரு" என்றான். சாவுக்கு வருகிறவர்கள் அரிசியும் பன்றியும் கோழியும் கொண்டுவருவது நம் வழக்கம். அந்த வழக்கத்தை நினைத்துக் கொந்தோர் ஐயா கயிற்றை வாங்கிவிட்டார். நல்ல மனிதர் செய்த தவறு.

பெரியவர்களே, தீங்கு செய்தவன் கொடுத்த எருமையைத் தீங்கு பட்ட ஊர் வெட்டித் தின்றால் அதற்கு என்ன பெயர்? சோகிட்! சூடு தணிந்தது, வழக்கு முடிந்தது என்று பொருள்! அதன்பின் அந்தப் பேச்சை எடுப்பவன்தான் குற்றவாளி! டத்தோவுக்கு இது தெரியாதா? அவரும் டூசுன் தாய் பெற்ற பிள்ளைதானே? காலியான இந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வருகிறது. அவருடைய தம்பி நிற்கப் போகிறார். அதற்குள் நாம் வாயைத் துடைத்துக்கொள்ள வேண்டும். தூணைப் பற்றி ஒருவரும் பேசக்கூடாது. ஓர் எருமைக்கு ஒரு மனிதரா? நம் குலிப்பின் விலை இவ்வளவுதானா?

சமையற்கட்டில் கத்தி தீட்டுகிறவர்களே, கீழே வையுங்கள்! பெத்ரோனிலா அக்காவிடம் காலையில் கேட்டேன். அக்கா சொன்னது இது: "பசிக்குதுன்னா கருவாடு இருக்கு. அந்தாளு கறி என் சட்டியில வேகாது."

ஃபாதர், மன்னியுங்கள். மன்னிக்கச் சொல்லி வேதம் சொல்கிறது, நான் மறுக்கவில்லை. பாலம் முடிந்த மறுநாள் யோசிக்கிறேன்.

மக்களே, அந்தக் கறி வேண்டாம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்! நம் ஊரில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லையே! கொந்தோர் ஐயாவே முதலில் எழுந்துவிட்டாரே!

சரபின் குலிப்பின் பெட்டிமீது கை வைத்துச் சொல்கிறேன். இந்தத் தொகுதியை உங்கள் தம்பிக்கு விடமாட்டோம், டத்தோ. உங்கள் சொந்தத் தொகுதிக்கும் வருவோம். வீடு வீடாக ஜாடிக்கு முன் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்வோம். உங்களைக் கேள்வி கேட்க இனி ஒரு தொண்டை அல்ல, ஓர் ஊரே இருக்கிறது.

கொந்தோர் ஐயா, கயிற்றை அவிழ்த்து வாருங்கள். டத்தோ, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் எருமையை நீங்களே பிடித்துக்கொண்டு போங்கள்.