நான்கு காம்புப் பால்

பாலாடைக்கட்டி செய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை ஐயா. கறந்த பாலை உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். பொங்கி வருகிற நேரம் பார்த்து எலுமிச்சம் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் திரிந்துவிடும். மெல்லிய துணியில் கட்டி ஆணியில் தொங்கவிட்டால் போதும். அவசரப்பட்டுப் பிழிந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். பால் திரிந்தாலே நம் சனத்துக்கு முகம் சுருங்கும், வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நான் வேண்டுமென்றே திரிப்பவன். மலாயாவில், இந்தப் பெடாஸ் பக்கத்துத் தோட்டங்களில் இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பெயர் ஜோசப்ராஜ். பங்களாக் குசினியில் பதினாறு வருடம் சமையல். இந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தது வெள்ளைக்காரத் துரையின் மனைவி. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அவர்கள் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார்கள். பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடிவந்தார். அவர் நல்ல மனிதர் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என்மேல் ஒரு அறை விழுந்ததில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பிறந்தது அந்த நாட்டின் வடகோடியாம், பனியும் பசுவும் நிறைந்த சீமை. முதல் தடவை பாலாடைக்கட்டியை வெட்டி, அன்னாசிப் பாகை மேலே ஊற்றி வைத்தேன். ஒரு வாய் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். வாரம் ஒரு தடவை இது வேண்டும் என்று அரைகுறை மலாயில் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாகுக்குக் கவலை இல்லை. அன்னாசி குசினிக்குப் பின்னாலேயே காய்த்துக் கிடந்தது. சீனி கண்ணில் படாத காலம், அதனால் கூலா மலாக்கா வெல்லத்தைக் கரைத்து வடிகட்டினேன். பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு. பழம் குழையாமல், கடித்தால் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். சிக்கல் எல்லாம் பாலில்தான். பங்களா மாடுகளைச் சிப்பாய்கள் முதல் வாரமே அடித்துத் தின்றுவிட்டார்கள். தோட்டத்தில் மிச்சம் இருந்த கறவை ஒன்றே ஒன்று. அது சன்னாசியுடையது.

சன்னாசி முன்பு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினவன், அப்போது எல்லோரையும் போல மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தான். மனைவி தாயம்மா. மயிலு என்று ஐந்து மாதப் பெண் குழந்தை. கிழங்கு மட்டும் தின்கிற உடம்பில் பால் எங்கே ஊறும்? தாயம்மாவுக்குச் சுத்தமாக வற்றிவிட்டது. பிள்ளை அந்த மாட்டை நம்பித்தான் உயிரோடு இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவே இல்லை.

பால் கேட்டுப் போனபோது சன்னாசி முகம் கோணாமல்தான் பேசினான்.

"ரெண்டு காம்பு உங்களுக்கு, ரெண்டு காம்பு பாப்பாவுக்கு. கன்னுக்குட்டிக்கே இப்ப புல்லுதான். அதுக்கு மேல கேக்காதீங்கண்ணே."

சரி என்றேன். ஆனால் இரண்டு காம்புப் பாலைத் திரித்தால் எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் கட்டி தேறும். துரை வீட்டுப் பெரிய பீங்கான் தட்டின் நடுவே அதை வைத்தால் பார்க்கச் சகிக்காது. எனக்கு அழுகையே வந்தது. அதோடு, அடுத்த மாதம் செரம்பானிலிருந்து பெரிய அதிகாரிகள் விருந்துக்கு வருகிறார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். எங்கள் தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர். பட்டியல் எழுத வேண்டியவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம். அவர் குசினியில் வந்து உட்கார்ந்து, பதினொன்றுக்கு மேல் கை ஓடவில்லை என்று புலம்பினார். நான் பாகைக் கிண்டிக்கொண்டே சன்னாசியின் பெயரைச் சொன்னேன். கைப்பிள்ளைக்காரனை எப்படி அனுப்புவது என்று தயங்கினார்.

"புள்ளைக்குப் பால் என் பொறுப்புலா, கிராணியாரே. மாட்ட மட்டும் பங்களாக் கொட்டகையில கட்டிருங்க," என்றேன்.

அவருக்கும் நிம்மதி. அங்கேயே எழுதி முடித்தார். பாகும் அடிப்பிடிக்காமல் இறங்கியது.

லாரி வந்த அன்று சன்னாசி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். என் நல்ல மனதைப் பற்றிக் கிராணி அவனிடம் சொல்லியிருந்தார். பெயர் கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

"நீங்க இருக்கிற தைரியத்துல போறேண்ணே. பாப்பாவுக்குக் குடுக்கிறத மட்டும் நிறுத்திறாதீங்க."

ஒரு நாளும் நிறுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நான்கு காம்புப் பாலையும் திரித்தால் கட்டி துணியில் நிற்கும், தெளிந்த தண்ணீர் கீழே வடியும். அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறவன் சமையல்காரனே இல்லை. தினமும் ஒரு டின்னில் ஊற்றி வைப்பேன், தாயம்மா குசினி வாசலுக்கு வந்து வாங்கிப் போவாள். மூன்றாம் நாள் டின்னுக்குள் பார்த்தபடி நின்றாள்.

"இது பால் இல்லியேண்ணே," என்றாள்.

வயிற்றோட்டம் கண்ட குழந்தைகளுக்கு நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இதைத்தானே கொடுத்தார்கள், பாலைவிட உசத்தி என்று எடுத்துச் சொன்னேன். பிள்ளை புளிப்புத் தாங்காமல் துப்புகிறது என்றாள். மறுநாளிலிருந்து ஒரு கரண்டி அன்னாசிப் பாகு கலந்து கொடுத்தேன். மயிலு சப்புக்கொட்டிக் குடித்ததாம். என் பாகை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அதிகாரி கேட்டது வாரம் ஒரு தடவைதானே, மற்ற நாள் பால் என்ன ஆயிற்று என்கிறீர்கள். நல்ல கேள்வி. விருந்துக்கு முன்னால் கை பழக வேண்டாமா ஐயா? தினமும் கட்டினேன். அதிகாரி வெளியூர் போன நாட்களில் அவருடைய நாய்க்குப் போட்டேன். ஒரு துண்டு கெட்டுப்போக விடவில்லை.

விருந்தன்று காலையில் தாயம்மா வரவில்லை. அவ்வளவு வேலைக்கு நடுவிலும் டின்னை நானே அவள் குடியிருந்த கூலிவீட்டு லயத்துக்கு எடுத்துப் போனேன். பிள்ளை பாயில் கிடந்தது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பெரிது. தாயம்மா டின்னை வாங்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அடுப்பில் பால் இருந்ததால் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மத்தியானம் லயத்துப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. சாயங்காலம் கட்டி தட்டை நிறைத்து உட்கார்ந்திருந்தது, கத்தி வைத்தால் குலுங்கியதே தவிர உடையவில்லை. பாகு நாலாபக்கமும் அழகாக வழிந்தது. வந்தவர்கள் என்னை முன்னே அழைத்துக் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் இல்லை.

ஆமாம், பெயரைக் கொடுத்தது நான்தான். பாலை எடுத்ததும் நான்தான். பிள்ளை காய்ச்சலில் போனது என்று தோட்டத்தில் சொல்கிறார்கள், அதை எழுதாதீர்கள். பசியில்தான் போனது. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

சன்னாசி சயாமிலிருந்து உயிரோடு திரும்பி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்கிறீர்கள். சந்தோஷம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. அவனிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள் ஐயா. நான் வாக்குத் தவறவில்லை. பிள்ளை செத்த அன்றுகூட டின் போயிருக்கிறது, அதுவும் அன்றைக்கு இரண்டு கரண்டி பாகு போட்டு.